இறங்கும்போது வாங்கிக்கொள்ளவும்

ஜனவரி 1

மகள் அனிலா சென்னையிலிருந்து இந்த டைரியை அனுப்பியிருக்கிறாள். ஒரு நாளுக்கு ஒரு முழுப் பக்கம், மேலே தேதி அச்சடித்து, வழவழவென்று தாள். கூடவே கைப்பேசிக்கு ஒரு வீடியோ. அதில் கோட்டு போட்ட ஒருவர் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே பேசுகிறார். லட்சியத்தைக் கையால் எழுத வேண்டுமாம். நல்ல பழக்கங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டால் வாழ்க்கையே மாறிவிடுமாம். மனுஷன் நடக்கிற நடை கூட்டமில்லாத வண்டியில் டிக்கெட் போடுகிற மாதிரி இருந்தது. எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. மூன்று தடவை பார்த்தேன்.

எழுதிவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள். நான் சவரிமுத்து. திண்டுக்கல்–தேனி வண்டியின் கண்டக்டர். மார்ச் 31 அன்று ஓய்வு பெறுகிறேன். அதன்பிறகு சொந்தமாக ஒரு கடை வைப்பேன்!

என் மனைவி ஜெசிந்தாவிடம் வாசித்துக் காட்டினேன். "மொதல்ல அந்த ஈரத் துண்டக் கொடியில போடுங்க. அதுவும் நல்ல பழக்கந்தான்" என்றாள்.

ஜனவரி 4

அனிலா பேசினாள். கடை என்றதும் குரல் ஏறிவிட்டது.

"அப்பா, நான் அந்த வீடியோவ அனுப்புனது நீங்க சக்கரையக் கொறைக்கறதுக்கு. கடை வைக்கறதுக்கு இல்ல."

அவள் ஏற்கனவே ஒரு திட்டம் வைத்திருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் செம்பட்டி வீட்டைப் பூட்டிவிட்டு அவளோடு போய்விட வேண்டும். மாப்பிள்ளை குடியிருக்கிற அடுக்குமாடியில் வாட்ச்மேன்களை மேற்பார்வை பார்க்கிற வேலை எனக்காகக் காத்திருக்கிறதாம். நாற்காலி உண்டு, தலைக்கு மேலே ஃபேன் உண்டு, வேளாவேளைக்கு டீ உண்டு. முப்பத்திரண்டு வருடம் நின்றுகொண்டே சம்பாதித்தவனுக்கு நாற்காலி என்ன கேடு?

கத்தினேன். அவளும் கத்தினாள், என் பெண்தானே. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். மே 31 வரை எனக்கு அவகாசம். அதற்குள் கடை தன் வாடகையையும் எங்கள் வீட்டுச் செலவையும் தானே சம்பாதிக்க வேண்டும். ஓய்வுப் பணத்தில் கை வைக்கக் கூடாது. முடியாவிட்டால் ஜூன் மாதம் சென்னை. சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜெசிந்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அவ சொல்றதும் சரிதான், நீங்க சொல்றதும் சரிதான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். அவள் யார் கட்சி என்று இன்றுவரை எனக்குப் பிடிபட்டதில்லை.

ஜனவரி 11

இடம் பார்த்தாகிவிட்டது! காளியங்குளம் விலக்கு, ஊருக்கு ரோடு பிரிகிற இடம். எங்கள் வண்டி நிற்கிற இடம்தான். பக்கத்து ஊர்களுக்கு அங்கே இறங்கித்தான் வண்டி மாற வேண்டும். காலேஜ் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள் என்று எந்நேரமும் பத்துப் பேர் நாக்கு வறண்டு நிற்பார்கள். படியில் நின்றபடியே இத்தனை வருடம் பார்த்துக்கொண்டு வருகிறேன், அங்கே குடிக்க ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது. மூடிக் கிடக்கிற சைக்கிள் கடை ஒன்று இருக்கிறது. தகரக் கூரை பெரிது. நன்னாரி சர்பத், எலுமிச்சை சோடா, அவ்வளவு போதும்.

முன்பணத்துக்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். வத்தலக்குண்டில் வண்டி நின்றதும் என் கால் தானாகப் பஜ்ஜிக் கடைக்குப் போகும். கூட நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போகும். இனிமேல் வண்டி நின்றால் வண்டியை மூன்று சுற்று சுற்றி நடப்பது, பஜ்ஜிக் காசை இடது பையில் போடுவது. வலது பை கார்ப்பரேஷன் பணம், இடது பை என் பணம். அது இரண்டும் கலந்தது என்று ஒரு செக்கரும் என்னைச் சொன்னது கிடையாது.

டிரைவர் வீரணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்னாண்ணே, டயர்ல காத்து பாக்குறீங்களா?" என்றான்.

"லட்சியம்டா" என்றேன்.

"அப்ப பஜ்ஜிய நான் தனியாத்தான் திங்கணுமா?" என்றான். பாவம், நிஜமாகவே முகம் வாடிவிட்டது.

பிப்ரவரி 2

சர்க்கரை குறைந்திருக்கிறது! டாக்டரம்மா பாராட்டினார். அந்தச் சந்தோஷத்தில் ஒரே ஒரு பஜ்ஜி.

பிப்ரவரி 19

இன்று ஒரு பெரிய உண்மை தெரிந்தது. எனக்கு "வாங்க" என்று சொல்ல வரவில்லை.

சின்ன விஷயம் இல்லை இது. முப்பத்திரண்டு வருடமாக எல்லோரும் என்னைத் தேடித்தான் வந்திருக்கிறார்கள். நான் சொன்னதெல்லாம் "எடமில்ல, அடுத்த வண்டியில வா", "உள்ள போ, உள்ள போ", "படியில நிக்காத", "சில்லறை இல்லாட்டி எறங்கு". இப்படிப்பட்ட வாயை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்தால் ஈதான் வரும்.

கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். "வாங்கம்மா, என்ன சாப்பிடுறீங்க?" என்றால் குரல் அதட்டலாகவே வருகிறது. ஜெசிந்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரை இப்படி மெரட்டுறீங்க?" என்றாள். அப்புறம் அவளே வாடிக்கையாளராக வந்து நின்றாள். நான் "வாங்க" என்றேன். அவள் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் நான் அவளை வாங்க என்று சொன்னது இதுதான் முதல் தடவை. இனி தினமும் காலையில் பத்துத் தடவை பழக வேண்டும்.

மார்ச் 31

ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், கைக்கடிகாரம் கொடுத்தார்கள். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. கடைசி டிரிப்பில் டிப்போ வாசலில் எல்லோரும் இறங்கிய பிறகு விசில் ஊதினேன். வீரணன் வண்டியை எடுக்கவில்லை. மறுபடி ஊதினேன். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறான். டிரைவர்களுக்குப் பொறுமை கிடையாது என்று சொல்கிறவர்கள் அவனைப் பார்க்க வேண்டும்.

வருத்தமே இல்லை. நாளைக்குத் தகரத்துக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும், பச்சை வாங்குவதா மஞ்சளா என்றுதான் யோசனை.

ஏப்ரல் 16

கடை திறந்தாகிவிட்டது! தலைகால் புரியவில்லை. பங்குத் தந்தை வந்து ஜெபம் சொல்லி மந்திரித்தார். நன்னாரிப் பாகு ஜெசிந்தா காய்ச்சியது. ஆனால் கடைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "எனக்கு அந்த வேலையெல்லாம் ஒத்துவராது" என்றாள்.

வெயில் கொளுத்தியது. பதினோரு மணிக்கு ஒரே நேரத்தில் இரண்டு வண்டி வந்து நின்று கூட்டம் மொய்த்தது. எனக்கு ஜன்னிக் காய்ச்சல் மாதிரி ஒரு வேகம் வந்துவிட்டது. "உள்ள வாங்க, உள்ள வாங்க, முன்னாடி நிக்கிறவங்க தள்ளி நில்லுங்க" என்று பத்துப் பேர் நிற்கிற இடத்தில் முப்பது பேரை அடைத்தேன். எல்லோரும் ஐம்பதும் நூறுமாக நீட்டினார்கள். அங்கே கைப்பேசியில் பணம் அனுப்ப டவர் எடுக்காது. சில்லறை பத்து நிமிஷத்தில் தீர்ந்தது. நான் என்ன செய்தேன்? இந்த டைரியின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, அதைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் மீதியை எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். "எறங்கும்போது வாங்கிக்கிருங்க" என்று சொல்லியும் கொடுத்தேன்!

அவர்களும் பழக்கத்தில் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்கள். வண்டி வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். கடையிலிருந்து எங்கே இறங்குவது? கூட்டம் கலைந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. கல்லா நிறைய ஊரார் பணம். ஒரு முகமும் நினைவில் இல்லை, ஏனென்றால் கண்டக்டர் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பான்.

ஏப்ரல் 17

வெட்கமாக இருக்கிறது. அந்தப் பணத்தைத் தனியாக வலது பையில் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 20

இன்று இதைவிடப் பெரிய கூத்து. வீரணன் வண்டி வந்து நின்றது. எனக்குப் பதிலாக வந்திருக்கிற புதுக் கண்டக்டர் பையன் இறங்கி வந்து எலுமிச்சை சோடா கேட்டான். கொடுத்தேன். அதற்குள் ஜனங்கள் எல்லாம் ஏறிவிட்டார்கள், படி காலி. என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது, விசிலை எடுத்தது, ஊதினேன். வீரணன் காதுக்குப் பழகின விசில். வண்டி புறப்பட்டுவிட்டது! பையன் கையில் கிளாஸோடு பின்னாலேயே ஓடுகிறான். ரோட்டில் பாதி சோடா.

திரும்புகிற டிரிப்பில் வீரணன் கத்தினான். "அண்ணே, உங்க விசிலக் கேட்டா என் காலு கிளட்ச மிதிச்சிருது. தயவுசெஞ்சு ஊதாதீங்க."

விசிலை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். நாளையிலிருந்து.

ஏப்ரல் 26

நம்பவே முடியவில்லை! துண்டுச் சீட்டுகள் திரும்பி வருகின்றன.

முதலில் வந்தது ஒரு நர்ஸம்மா. சீட்டைப் பிரித்து நீட்டினார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மீதியை எடுத்தேன். "இருக்கட்டும்ங்க, அதுல இன்னொரு சர்பத் போடுங்க. பாக்கியத் திரும்ப எழுதிக் குடுங்க" என்றார். அடுத்து காலேஜ் பெண்கள் நாலு பேர். மீதி வேண்டாமாம், சீட்டே போதுமாம். நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு வாரம் முழுக்கக் குடிக்கிறார்கள். இனிமேல் சில்லறையை ஒழுங்காகக் கொடுத்துவிடுவது என்று சபதம் போட்டவன் நான், ஜனங்கள் என்னை விடமாட்டேன் என்கிறார்கள்.

ஜெசிந்தாவிடம் சொன்னேன். "மீதிக்காகவா வர்றாங்க? திரும்ப வர்றதுக்கு ஒரு சாக்கு வேணும், அம்புட்டுதான்" என்றாள். 

மே 6

நன்றாகப் போகிறது! கோட்டுக்காரர் சொல்லாத ஒன்றை நான் கண்டுபிடித்துவிட்டேன். புதுப் பழக்கம் என்று எதையும் கடையில் போய் வாங்க வேண்டியதில்லை, பழைய பழக்கத்தையே திருப்பிப் போட்டால் போதும். உதாரணம், கடைப் பணம் என் பணம் இல்லை. அது கார்ப்பரேஷன் பணம் மாதிரி. சாயங்காலம் கணக்கு முடித்து, சர்க்கரைக்கும் எலுமிச்சைக்கும் வாடகைக்கும் எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவதுதான் இடது பைக்கு வரும். இந்த ஒன்றைச் செய்யாமல்தான் என் சிநேகிதர்கள் நாலு பேர் கடை வைத்து மூடினார்கள்.

டைரியைப் பின்னாலிருந்து கிழித்துக்கொண்டே வருகிறேன். டிசம்பர், நவம்பர் தீர்ந்து அக்டோபருக்கு வந்தாயிற்று. டிசம்பர் 25 பக்கத்தை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். கர்த்தர் பிறந்த நாளைக் கிழித்துச் சர்பத்துக்குக் கொடுப்பதா? அனிலா கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. லீவு கிடைப்பதில்லை. சும்மா நினைவுக்கு வந்தது, எழுதினேன்.

ஜெசிந்தா இரண்டு படி மிளகாய் வாங்கி மோரில் ஊறப் போட்டிருக்கிறாள். மொட்டை மாடி முழுக்க மோர் மிளகாய். கொல்லையில் பப்பாளிக் கன்று வேறு வைத்திருக்கிறாள். ஜூனில் சென்னை போனால் இதையெல்லாம் யார் பார்ப்பது? பெண்களுக்கு முன்யோசனையே கிடையாது.

மே 17

மழை.

மே 18

மழை. நாலு சர்பத்.

மே 20

கோடை மழை என்றால் ஒரு நாள் பெய்யும், இரண்டு நாள் பெய்யும். இது விடாமல் ஊற்றுகிறது. யாருக்கும் தாகம் எடுக்கவில்லை. இந்த மாதத்து வரவில் பள்ளம் விழுந்துவிட்டது. காலையில் நடக்கவில்லை. கண்ணாடி முன்னால் நிற்கவில்லை. வீரணன் வண்டி நின்றபோது அவன் பொட்டலத்திலிருந்து மூன்று பஜ்ஜி வாங்கித் தின்றேன். கோட்டுக்காரர் வீடியோவை அழித்துவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த நாற்காலி கண்ணுக்கு முன்னாலேயே நிற்கிறது.

மே 22

கடையைப் பூட்டிவிடலாம் என்று எழுந்தேன். அந்த நேரத்தில் தேனி வண்டியில் ஜெசிந்தா வந்து இறங்கினாள். கையில் குடை. "குடைய மறந்துட்டுப் போயிட்டீங்க, அதான்" என்றாள். இன்னொரு கையில் பெரிய ஃபிளாஸ்க். அது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கூரைக்கு அடியில் இருபது பேர் நனைந்த கோழியாக ஒண்டிக்கொண்டிருந்தார்கள். மழை தொடங்கிய நாளிலிருந்தே அப்படித்தான் நிற்கிறார்கள், நான்தான் எரிச்சலில் பார்க்கவில்லை. ஜெசிந்தா கிளாஸ்களைக் கழுவினாள். ஃபிளாஸ்க்கைத் திறந்தாள். சுக்குமல்லிக் காப்பி! வாசனை ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனது.

"நின்னுக்கிட்டே இருக்கீங்களே, கூப்பிடுங்க" என்றாள் என்னிடம்.

"வாங்க!" என்றேன். இந்தத் தடவை அதட்டலாக வரவில்லை. சத்தியமாக வரவில்லை. "உள்ள வாங்க, நனையாதீங்க, எல்லாருக்கும் எடமிருக்கு!"

எல்லாருக்கும் எடமிருக்கு. இந்த வார்த்தையை என் வாழ்க்கையில் இதற்கு முன் சொன்னதே இல்லை. எனக்கே புல்லரித்துவிட்டது. ஃபிளாஸ்க் கால் மணி நேரத்தில் காலி. நாளைக்கு அடுப்பே வைத்துவிடுகிறோம். ஜெசிந்தா வருகிறாளாம், மழை விடும் வரைக்கும் மட்டும்.

மே 30

சாயங்காலம் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மழை. கடைக்குள் திருவிழாக் கூட்டம். ஜெசிந்தா காப்பி ஊற்றுகிறாள், நான் காசு வாங்குகிறேன். கிழித்து வைத்திருந்த சீட்டு தீர்ந்துவிட்டது. டைரியை எடுத்துப் பழக்கத்தில் கடைசிப் பக்கத்தைச் சரக்கென்று கிழித்தேன். முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் நடுவில் மறித்து நின்றாள். "வழியில நிக்காதம்மா, அப்படியே உள்ள தள்ளிப் போ" என்றேன். போனாள். காப்பி குடித்துவிட்டு ஐம்பது ரூபாயை நீட்டினாள். மேல் துண்டில் முப்பத்தைந்து என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, "எறங்கும்போது வாங்கிக்க" என்று கொடுத்தேன். கை சில்லென்று இருந்தது. அடுத்த கையைப் பார்த்தேன்.

ஜெசிந்தா கிளாஸைக் கீழே போட்டு உடைத்தாள். "அடியே அனிலா!"

என் மகள்! கணக்குப் பார்க்க நாளைக்கு வர வேண்டியவள் ஒரு நாள் முன்னால் வந்திருக்கிறாள். அரை மணி நேரமாகக் கூட்டத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் வேறு.

ராத்திரி சாப்பிட்ட பிறகு கணக்கைச் சொன்னேன். ஒளிக்கவில்லை. கடை வாடகை கொடுத்தாயிற்று. வீட்டுச் செலவு முழுவதும் வரவில்லை, மழை வாரத்தில் விழுந்த பள்ளம் அடையவில்லை. பேச்சு என்றால் பேச்சு.

"நான் தோத்துட்டேன்ம்மா. எப்பக் கெளம்பணும்னு சொல்லு" என்றேன்.

அனிலா வாயைத் திறப்பதற்குள் ஜெசிந்தா சொன்னாள்: "மொளகா இன்னும் காயல. நான் எங்கயும் வரல."

அவ்வளவுதான். எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டாள். ஐந்து மாதமாக அவள் யார் கட்சி என்று தேடிக்கொண்டிருந்தவன் நான்!

அனிலா கைப்பையிலிருந்து நான் கொடுத்த சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். 

"எனக்கு முப்பத்தஞ்சு ரூவா மீதி தரணும்ப்பா."

எடுத்துக் கொடுக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப வேணாம். சீட்டு மேல என்ன தேதி போட்டிருக்கு, பாருங்க."

பார்த்தேன். டிசம்பர் 25.

"அன்னிக்கு வந்து வாங்கிக்கறேன்" என்றாள்.

மே 31

அனிலாவை வழியனுப்ப விலக்குக்கு வந்தோம். வெயில் வந்துவிட்டது! இன்னும் காயவில்லை என்றாளே, அந்த மோர் மிளகாயில் ஒரு டப்பாவை ஜெசிந்தா அவள் பையில் திணித்தாள். மழை விட்டுவிட்டதே, நாளைக்குக் கடைக்கு வருவாயா என்று கேட்டேன். "பாகு காச்ச உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

வீரணன் வண்டி வந்தது. அனிலா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் பையன் படியில் நின்று என்னைப் பார்த்தான். "அண்ணே, இன்னிக்கு நீங்களே ஊதுங்க. நான் ஏறிட்டேன்" என்றான். வீரணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். விசில் எப்படியோ சட்டைப் பையில்தான் இருந்தது.

ஊதினேன். வண்டி புறப்பட்டது.

முப்பத்தைந்து ரூபாயை மடித்து வலது பையில் வைத்திருக்கிறேன். அது அவள் பணம்.